அகதி மனமும் நாமும்

மன்னார் மாவட்டத்தில் நான் அடிக்கடி சென்றுவரும் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் அறுபது வயதை எட்டிய தாய் ஒருவர் இருக்கிறார். 1990இல் கைக்குழந்தையோடு வள்ளமேறித் தமிழகம் போனவர். இருபது வருடங்களுக்கு மேல் முகாமில் வாழ்ந்துவிட்டுப் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஊர் திரும்பினார். காணி காடு பற்றிக் கிடந்தது. கிணறு தூர்ந்திருந்தது. வீடு இருந்த இடத்தில் இரண்டு தென்னைகள் மட்டும் தலையில்லாமல் நின்றன.

"நெஞ்சு எரியுது சுவாமி. கால் ரெண்டும் விறைக்குது. இரவில ஒரு கண் நித்திரை இல்லை." காணும் போதெல்லாம் அவர் சொல்வது இதுதான். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். குறையொன்றும் இல்லை என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். மருமகளோ, "மாமிக்கு இது பழக்கம்" என்கிறார். வேலை செய்யப் பஞ்சியில் சொல்கிறார் என்பது அயலவர் தீர்ப்பு. உண்மையைச் சொன்னால், முதல் ஆறு மாதம் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எமது மக்கள் வைத்தியரிடம் போய் "எனக்கு மனத்தில் வருத்தம்" என்று சொல்வதில்லை. உடம்புதான் அவர்களுக்காகப் பேசுகிறது. போர்க்காலத்தில் நெடுநாள் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத் தமது எழுத்துக்களில் விரிவாகவே விளக்கியிருக்கிறார். தலையிடி, நெஞ்செரிவு, கைகால் விறைப்பு, அடிக்கடி வரும் பெருமூச்சு ஆகியன எம்மிடையே துயரத்தின் வழக்கமான வெளிப்பாடுகள். நோவு பொய்யன்று, அது கிளம்பும் இடம்தான் வேறு.

அப்படியானால் அந்தத் தாயின் நோவு எங்கிருந்து கிளம்புகிறது? கடற்பயணத்தின் பயங்கரம், குண்டுவீச்சு என்று நான் ஊகித்து வைத்திருந்தேன். பல வாரங்கள் அவரது திண்ணையில் இருந்த பிறகே அவர் வாய்திறந்தார். அவர் பேசியது குண்டுகளைப் பற்றியல்ல. பேரனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் வரவில்லை. காணிப் பெர்மிட் 1990இலேயே தொலைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேத்தியை 'இந்தியாக்காரி' என்று கூப்பிடுகிறார்கள். முகாமில் பெயர்க் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்ற காலம் போய்ப் பல வருடங்களாகியும், மாதத்தின் அந்த நாட்களில் இன்றும் அவருக்கு விடியமுன்னரே நெஞ்சு படபடக்கிறது. "எங்களைத் திரும்ப எழுப்பிப் போடுவினமோ சுவாமி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாம் இலேசாக எடுக்கக்கூடாது. 1990களில் அவுஸ்திரேலியாவில் புகலிடம் கோரியிருந்த எம்மவர் மத்தியில் உளமருத்துவ ஆய்வுகள் நடந்தன. போரில் கண்ட கொடுமைகளோடு, விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமற் காத்திருத்தல், திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சம், ஊரில் விட்டுவந்தவர்களைப் பற்றிய ஏக்கம் என்பனவும் நோயைக் கூட்டுவதை அவை எடுத்துக்காட்டின. நடந்து முடிந்ததை மறக்க முடியாமல் இருப்பது ஒரு துன்பம். நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பது வேறொரு துன்பம். பின்னதைப் பேச்சினால் மட்டும் ஆற்ற முடியாது.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. 2009இல் மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் அடைபட்டிருந்தார்கள். அங்கிருந்து மீண்டும் குடியேறிய ஒரு வன்னிப் பங்கில் பின்னர் பணியாற்றினேன். இளங்குரு, ஆர்வத்துக்குக் குறைவில்லை. நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் தினத்துக்காக இறந்தோர் பெயர்ப் பட்டியலை நானே தயாரித்தேன். இறுதிப் போரில் காணாமற்போன ஓர் இளைஞனின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டேன். தாய் துயரத்தை ஏற்றுக்கொண்டால் ஆறுதல் பிறக்கும் என்று குருமடத்திற் படித்த பாடம் எனக்கு. பெயரை வாசித்ததும் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த நாள் வீடு தேடிப் போனேன். "நீங்கள் என்ட பிள்ளைய எழுதி முடிச்சிட்டீங்கள் சுவாமி" என்றார். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை.

இறந்தாரா, இருக்கிறாரா என்பது தெரியாத இழப்பு சாதாரண சாவுத்துயர் போன்றதன்று. அழுது முடிக்கவும் இயலாது, அந்தியேட்டியோ ஆண்டுத் திருப்பலியோ செய்யவும் மனம் வராது. இறந்ததாகப் பதியாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல்தான் எமது சட்டம் இடமளித்தது. சட்டமே அவ்வளவு தயங்கிய ஒரு விடயத்தை நான் பீடத்தில் நின்று ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கப் பார்த்திருக்கிறேன். இப்போது அத்தகைய குடும்பங்களுக்கென்று வேறொரு மன்றாட்டு வைக்கிறோம். "திரும்பி வரவேண்டியவர்களுக்காக" என்பது அதன் பெயர். அதை அந்தத் தாய்மாரே தெரிவுசெய்தார்கள்.

அகதிகள் என்றதும் எம்மை மட்டுமே நினைப்பதும் சரியன்று. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்களின் பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் புகலிடக் கோரிக்கையாளர் நூற்றுக்கணக்கானோர் அயலவருக்குப் பயந்து வெளியேறிப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளவிலும் தங்க நேர்ந்தது. அவர்களுட் பலர் தமது நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். எமது காயம் பெரிது. ஆனாலும் இது எமக்கு வெட்கமே. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காற் கரையில் 100க்கும் அதிகமான ரோகிங்யா மக்களோடு படகொன்று ஒதுங்கியபோது, அவ்வூரார் உணவும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். 2009இல் அதே கரையில் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கையும் ஒப்பமிடவில்லை, இந்தியாவும் ஒப்பமிடவில்லை. ஆகவே இரு கரையிலும் அகதியின் நாளைய நிலை அரசின் தயவிலேயே தங்கியுள்ளது.

சரி, கிராமத்தில் நாம் என்ன செய்யலாம்? சுனாமிக்குப் பின் உளவளத்துணை என்ற பெயரில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். நடந்ததை ஒரே அமர்வில் முழுவதுமாகச் சொல்லவைத்தால் பாரம் குறையும் என்று சிலர் நம்பினார்கள். அந்த முறை பயன் தருவதில்லை, சிலவேளை தீங்கும் செய்யலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2007இல் உதவி நிறுவனங்கள் கூடி வெளியிட்ட சர்வதேச வழிகாட்டல் பாதுகாப்பு, உணவு, தண்ணீர், பத்திரங்கள் போன்ற அடிப்படைகளைக் கீழ்ப்படியில் வைக்கிறது. அதன்மேல் குடும்பமும் சமூகமும். அதன்மேல் பயிற்சிபெற்ற தொண்டரின் துணை. வைத்தியரின் தேவை உச்சியில், மிகச் சிலருக்கே. எமது சங்கங்கள் செய்யக்கூடியவை முதல் இரண்டு படிகளிலும் நிறைய உண்டு. படிவம் நிரப்பிக் கொடுப்பதும் உளநலப் பணிதான். கேட்டிருங்கள், தோண்டாதீர்கள். வெளிநாட்டு விருந்தினர் முன்னிலையில் ஒருவரையும் கதை சொல்லவைக்காதீர்கள். (இதையும் நாம் செய்திருக்கிறோம்.)

வேலையும் மருந்துதான். 1990இல் மடுவில் நாங்கள் அகதிகளாக இருந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா கமக்காரன். அங்கே அவருக்கு வயலும் இல்லை, மாடும் இல்லை. காலையும் மாலையும் தறப்பாளின் கயிற்றை அவிழ்ப்பார், மீண்டும் கட்டுவார். அம்மாவுக்கு வரிசையில் நின்று உலருணவு வாங்கும் வேலையாவது இருந்தது. அவருக்கு அந்தக் கயிறு மட்டுமே. யாராவது ஒரு மண்வெட்டியைக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் அன்பினால் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருந்தால், இல்லாத குரல் கேட்கிறது என்றால் தாமதம் கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லவேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். பேயோட்டவும் நேர்த்தி வைக்கவும் முதலில் ஓடுவோர் எமது பங்குகளிலும் உண்டு. நேர்த்தியை வையுங்கள், மருந்தையும் எடுங்கள்.

அந்தத் தாய் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எமது நிலையத்துக்கு வருகிறார். பனையோலைப் பெட்டி இழைப்பதில் அவருக்கு நிகர் எவருமில்லை. இளம்பெண்கள் நால்வர் அவரிடம் பழகுகிறார்கள். காலில் விறைப்பு இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். பேரனின் பத்திரம் சென்ற மாதம் கிடைத்தது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறார். காணி விடயம் முடியவில்லை. அடுத்த நடமாடும் சேவைக்கு, பழைய அயலவர் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, அவரோடு நானும் போக இருக்கிறேன்.