ஊருக்குள் ஒரு பாறை

அயலவர் பூசல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எல்லை வேலியும், கிணற்றுப் பங்கும், வேலி கடந்து நீளும் மரக்கிளையுமாகும். ஒரு பாறையைக் குறித்தும் அயலவர் மனம் வேறுபடுவர் என்றால் அது நேயர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். அப்பாறையிற் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. அதனை உடைத்து விற்பாரும் இல்லை. சிலர் அதன்மேல் ஏற விரும்புகின்றனர். சிலர் அதன் அருகே அமைதியாக வாழ விரும்புகின்றனர். பூசலின் பொருள் இவ்வளவே. ஆயினும், பொதுச்சொத்து யாருக்கு உரியது, எந்த அளவுக்கு உரியது என்னும் பழைய வினா அதனுள் அடங்கியிருக்கின்றது. அவ்வினாவை ஓர் இடத்தின் கதையைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், பேர்க்கிலி என்னும் பல்கலைக்கழக நகர் உள்ளது. கரையிலிருந்து நிலம் மெல்ல உயர்ந்து குன்றுகளாகின்றது. குன்றுச் சரிவின் வடபகுதியில், வீடுகளுக்கு நடுவே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைகள் ஆங்காங்கே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றுட் பெயர்பெற்றது 'இந்தியன் ரொக்' என்னும் பாறை. அது ரயோலைட் என்னும் இனத்தைச் சேர்ந்த வன்மையான கல். ஏறத் தெரியாதவரும் உச்சிக்குச் செல்லும்படி கல்லிலே படிகள் வெட்டப்பட்டுள்ளன. மாலையில் அங்கே அமர்ந்திருப்போர்க்கு விரிகுடாவின் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் மேற்கே சூரியன் மறையும் காட்சியும் புலனாகும். பாறையைச் சுற்றித் தெருக்கள். தெருக்களை ஒட்டி வீடுகள். காட்டிலோ மலையிலோ அன்றி, குடிமனைகளின் நடுவிலே அது நிற்பதுதான் அதன் சிறப்பு. அதுவே அதன் சிக்கலுமாகும்.

1906ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவைச் சிதைத்தபின், மக்கள் பலர் விரிகுடாவைக் கடந்து இக்கரையிற் குடியேறினர். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் தொழில் செழித்தது. அத்தொழிலில் முன்னணியில் நின்ற மேசன்-மக்டபி நிறுவனம் 1917ஆம் ஆண்டில் இப்பாறையை நகருக்குப் பூங்காவாக வழங்கியது. அந்நிறுவனத்தை நடத்திய டங்கன் மக்டபி இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபாடு கொண்டவர். பின்னாளிற் சியரா கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சுற்றிலும் மனைகளை விற்ற தொழிலே பாறையையும் பொதுவில் வைத்தது. எனவே பாறைக்கருகே வீடு வாங்கியவர், பலரும் வந்துபோகும் ஓரிடத்தின் அருகிலேயே வாங்கினார். அவ்வாறே பாறைக்கு வருபவரும், பலர் குடியிருக்கும் ஓரிடத்தின் நடுவிலேயே வருகின்றார்.

இவ்விரு சாராருக்கும் முந்தியவர்களும் உளர். இந்தியன் ரொக்கிற்கு அண்மையிலே 'மோட்டர் ரொக்' என்று மற்றொரு பாறையுண்டு. அதன் பெயரின் பொருள் உரற்பாறை என்பதாம். அந்நிலத்தின் பழங்குடியினரான ஓலோனி மக்கள் ஓக் மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கிய குழிகள் இன்றும் அங்கே காணப்படுகின்றன. வீட்டுக்காரரும் ஏறுவோரும் 'இது எங்கள் பாறை' என்று வழக்காடும்போது, அவ்வுரற்குழிகள் வாய்திறவாமலே ஒரு மறுமொழி கூறுகின்றன.

இனி, ஏறுவோர் வந்த கதையைப் பார்ப்போம். 1931ஆம் ஆண்டில் றொபேட் அண்டர்ஹில் என்பார் கயிற்றைக் கொண்டு பாறையேறும் முறைகளைச் சியரா கழகத்தாருக்குக் கற்பித்தார். அடுத்த ஆண்டு றிச்சட் லெனாட் என்பாரும் அவர் நண்பர்களும் பேர்க்கிலியில் ஒரு சிறு சங்கம் அமைத்து, ஊருக்குள் இருந்த பாறைகளிலே பயிற்சி செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் முதலில் ஏறுபவர் விழவே கூடாது என்பதுதான் விதி. ஏனெனில், விழுபவரைக் கயிறு திடீரென இழுத்து நிறுத்துமாயின் சணற்கயிறு அறுந்துபோகலாம். லெனாட் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். கீழிருந்து கயிற்றைப் பிடிப்பவர் அதைத் தம் இடுப்பைச் சுற்றிக் கொண்டு, விழுகை நேர்ந்ததும் சிறிது வழுகவிட்டுப் படிப்படியாக இறுக்குவார். விரைந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைச் சற்றுப் பின்னிழுத்துப் பிடிப்பதைப் போன்றது இது. இம்முறையைக் கற்பதற்காக அவர்கள் பேர்க்கிலியின் கிராக்மன்ற் பாறையில் வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழகினர்.

அப்பயிற்சியின் பயன் பெரிது. 1934ஆம் ஆண்டில் லெனாட், ஜூல்ஸ் ஐக்கோன், பெஸ்ரர் றொபின்சன் ஆகிய மூவரும் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் உயர்ந்த கதீட்ரல் கூம்பில் முதன்முதலாக ஏறினர். 1939ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோவின் சிப்ரொக் என்னும் பெரும்பாறை நால்வர்க்கு வசமாயிற்று. அவர்களுள் ஒருவர் பேர்க்கிலியிற் பிறந்த டேவிட் பிறவர். இரண்டாவது உலகப் போரில் மலைப்படை வீரர்களைப் பயிற்றியவர் அவர். 1952 முதல் 1969 வரை சியரா கழகத்தை நடத்தி, பள்ளத்தாக்குகளை அணைக்கட்டுகளிலிருந்து காக்கப் போராடியவரும் அவரே. இத்தகையோர் இளமையிற் பழகியது வீட்டு வாசலுக்கு எதிரே நின்ற பாறைகளில் என்பது மறக்கத் தக்கதன்று. மலை தொலைவிலுள்ளது, அங்கே செல்லப் பொருளும் ஓய்வும் வேண்டும். ஊர்ப்பாறையோ வேலை முடிந்து வரும் ஏழை மாணவனுக்கும் எட்டுவது. அதனை இழந்தால் பலருக்குப் பள்ளிக்கூடமே இல்லாது போகும். ஏறுவோர் பக்கத்து நியாயம் இதுவே.

ஆயின் அன்றிருந்த நிலை இன்றில்லை. கயிறின்றித் தாழ்ந்த பாறைகளில் ஏறுவது இப்போது தனி விளையாட்டாக வளர்ந்துள்ளது. இதனைப் பவுல்டரிங் என்பர். 1950களில் ஜோன் கில் என்னும் தேகப்பயிற்சி வீரர், கை வியர்வையை உறிஞ்சும் மகனீசியம் காபனேற்றுத் தூளைப் பாறையேற்றத்திற்குக் கொண்டுவந்தார். 1990களில், விழுவோரைத் தாங்கும் தடித்த மெத்தைகள் பரவின. 1987ஆம் ஆண்டில் சியாற்றில் நகரிலே ஏற்றப் பயிற்சிக்கென வணிகக் கூடம் ஒன்று தோன்ற, அதன்பின் அத்தகைய கூடங்கள் பல எழுந்தன. 2020ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்டு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டும் இடம்பெற்றது. இவற்றாலெல்லாம் ஏறுவோர் தொகை பெருகியது. ஆனால் பாறை பெருகவில்லை, தெருவும் அகலவில்லை.

இப்போது வீட்டுக்காரரின் நியாயத்தைக் கேட்போம். ஊர்நடுப் பாறைகளுக்கு அருகில் வாழ்வோர் கூறும் குறைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. வந்தவர்களின் மோட்டார் வண்டிகள் வாசலை மறிக்கின்றன. கூடியிருப்போர் நண்பனை ஊக்குவிக்க எழுப்பும் கூச்சலும், தவறி விழுந்தவன் எரிச்சலோடு உதிர்க்கும் சொல்லும், சிறு இசைப்பெட்டியின் ஓசையும் சாளரத்தினூடே வந்து விழுகின்றன. இருட்டிய பின்னும் விளக்குக் கட்டி ஏறுவோர் உளர். கல்லெங்கும் வெண்டூளின் தழும்பு; பாறை தலைசாய்ந்து நிற்கும் பக்கங்களில் மழையும் அதைக் கழுவுவதில்லை. மெத்தை விரிக்கும் இடத்திற் புல் அழிந்து மண் அரிக்கின்றது. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். மனிதர் கால் ஊர்ந்த பிடிகள் வழுவழுப்பாகி வருவதை ஏறுவோரே அறிவர்.

இக்குறைகளைச் சிறியவை என்று தள்ளுதல் எளிது. ஒருநாள் வந்து போகின்றவனுக்கு அவை சிறியவைதாம். அவன் எழுப்பும் ஓசை ஒரு மணி நேர ஓசை. வீட்டிலிருப்பவரோ அவனுக்குப் பின் வருபவனையும், அவனுக்கும் பின் வருபவனையும் சேர்த்தே கேட்கின்றார். தனித்தனியே ஒருவரும் தவறு செய்யாமலே மொத்தத்தில் ஒரு துன்பம் உண்டாகிவிடுகின்றது. ஆதலால் ஏறுவோன் 'நான் என்ன செய்தேன்?' என்று கேட்பதும் உண்மை. வீட்டுக்காரர் 'என்னால் தாங்க முடியவில்லை' என்று சொல்வதும் உண்மை. இரண்டு உண்மைகள் மோதுவதனாலேதான் இப்பூசல் தீர்வதற்கு அரிதாகின்றது.

சட்டம் இதற்கு என்ன செய்யும்? கலிபோர்னியாவில் 1963ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கட்டணம் பெறாது தம் நிலத்திற் பிறரைப் பொழுதுபோக்க விடும் உரிமையாளரைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கின்றது. 1983ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், அபாயமான பொழுதுபோக்குகளிலே தாமாக ஈடுபடுவோர் காயமுற்றால், சில விலக்குகள் நீங்கலாக, நகரசபை போன்ற பொது நிறுவனங்கள் அதற்குப் பொறுப்பாகா என்கின்றது. அப்பொழுதுபோக்குகளின் வரிசையிற் பாறையேற்றமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. இவை விபத்தைப் பற்றிய அச்சத்தைக் குறைக்கும். நுழையலாமா கூடாதா என்பதையும் சட்டம் கூறும். நுழைந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் மிகச் சிறு பகுதியையே அது கூறவல்லது. ஒவ்வொரு கூச்சலுக்கும் காவலரை அழைத்தல் ஆகாது. அழைத்தாலும் அவர் வருமுன் கூச்சல் ஓய்ந்துவிடும். பகை மட்டும் எஞ்சும்.

பகை முற்றினால் தோற்பவர் யார்? பாறை தனியார் நிலத்தில் இருப்பின், உரிமையாளர் ஒரு பலகையை நாட்டி ஒரே நாளில் அதை மூடிவிடலாம். பொது நிலமாயின் நேரக் கட்டுப்பாடும், வண்டி நிறுத்தக் கட்டுப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறுவோர் இதை உணர்ந்தமையாலேதான் 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'அக்செஸ் பண்ட்' என்னும் அமைப்பு தனியாக நிறுவப்பெற்றது. நில உரிமையாளரோடும் அதிகாரிகளோடும் பேசி, ஏறும் இடங்கள் மூடப்படாது காப்பதும், அவ்விடங்களைப் பேணுவதும் அதன் பணி. வீட்டுக்காரருக்கும் இழப்பு உண்டு. ஏறுவோரை விலக்கும் வேலி அவர்களுடைய பிள்ளைகளையும், அந்தியிற் சூரியனைக் காண வரும் முதியோரையும் சேர்த்தே விலக்கும்.

ஆகவே எஞ்சுவது வழக்கம் என்னும் வழியே. வண்டியைச் சற்றுத் தொலைவிலே நிறுத்தி நடந்து வருதல்; இருட்டுமுன் இறங்கிவிடுதல்; இசைப்பெட்டியை வீட்டில் விட்டு வருதல்; ஏறி முடிந்ததும் கல்லுக்குக் காயம் செய்யாத மென்தூரிகையால் தூளைத் துடைத்தல்; மெத்தையை நடைபாதையில் விரியாதிருத்தல்; பழங்குடியினரின் உரற்குழிகளைத் தீண்டாது மதித்தல். இவற்றுள் எதுவும் ஏறுவோரின் இன்பத்தை ஒரு துளியேனும் குறைப்பதன்று. இவற்றைப் புதியவனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியவன் பழையவனே. பயிற்சிக் கூடத்தின் சுவரிற் கற்று வருபவனுக்கு அயல்வீடு என்பது ஒன்றுண்டென யாராவது சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்காரர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. முறையிடுமுன் ஒருமுறை இறங்கி வந்து பாறையடியில் நின்று பேசலாம். முகமறிந்த இளைஞன் கூச்சலிடுமுன் இருமுறை எண்ணுவான். பெயரறியாக் கூட்டத்தை வெறுப்பதுபோல், பேசிப் பழகியவனை வெறுக்கவும் முடியாது.

1917ஆம் ஆண்டில் அப்பாறை நகருக்கு வழங்கப்பட்டபோது அது இவருக்கென்றோ அவருக்கென்றோ பிரித்து வழங்கப்படவில்லை. பொதுவிற் கிடைத்த கொடையை அனுபவிப்போர் அதனைப் பின்வருவோர்க்குக் குறைவின்றி விட்டுச் செல்லும் கடனையும் சேர்த்தே ஏற்கின்றனர். அக்கடன் பாறையில் ஏறுவோர்க்கும் உண்டு; அதன் நிழலிற் குடியிருப்போர்க்கும் உண்டு.