பேர் இருக்கு, குரல் இல்லே! வாசிப்பு இருக்கு, பேர் இல்லே!

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கல்யாணம் என்றால் நாதஸ்வரமும் தவிலும் வந்தாக வேண்டும். சாமி புறப்பாடு என்றாலும் அப்படித்தான். திருவிழாவும் துக்கமும் பறை இல்லாமல் நடக்காது.

வாசிக்கிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். "இன்னார் மகன்தானே? அப்பா மாதிரியே கை பேசுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைதான் வாத்தியக்காரருக்கு மாலை மரியாதை.

அதே ஆள் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஸ்டூடியோவில் வாசிக்கிறார் என்று வையுங்கள். அவர் வாசிப்பு டீக்கடை, பஸ், செல்போன் என்று போகாத இடம் இல்லை.

ஆனால் வாசித்தது யார்? ஒருத்தருக்கும் தெரியாது!

இதற்கு நேர் தலைகீழான கதை ஒன்றும் இதே மண்ணில் உண்டு.

ஜமீனில் ஒலித்த "கனம்"

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால் உடையார்பாளையம் ஜமீனில் ஒரு சங்கீத வித்துவான் இருந்தார். பெயர் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையா என்ற வித்துவானிடம் "கனமார்க்கம்" என்ற பாட்டு முறையைக் கற்றவர். அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பிக் கம்பீரமாகப் பாடும் கடினமான முறை அது. அதனால் "கனம்" கிருஷ்ணையர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் தந்தை உடையார்பாளையத்தில் இவரிடம்தான் சங்கீதம் படித்தார். உ.வே.சா.வும் சின்ன வயதில் அரியலூரிலும், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னத்திலும் வாழ்ந்தவர். தந்தை வாயால் கேட்டதை மறக்காமல், பின்னாளில் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

அதனால் பெயர் பிழைத்தது. அவர் இயற்றிய தமிழ்ப் பதங்களும் பிழைத்தன.

குரல்? போயே போய்விட்டது!

எடிசன் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது 1877-ல். இந்தியாவில் இசைத்தட்டுக்காகப் பாட்டுப் பதியத் தொடங்கியது 1902-ல். கிருஷ்ணையரோ 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே காலமாகிவிட்டார். "கனம்" என்றால் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை இனி யாரும் கேட்க முடியாது.

அன்று பேர் தங்கியது, குரல் தங்கவில்லை. இன்று குரல் தங்குகிறது, வாசிப்பு தங்குகிறது. பேர் தங்கவில்லை. நடுவில் என்ன நடந்தது? ரிக்கார்டிங் கதையைப் புரட்டினால் தெரியும்.

மரத்துக்குப் பின்னால் ஆர்மோனியம்

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-ல். அப்போது நடிகர், நடிகையே காமிரா முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் செட்டுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். காக்கை கத்தினால் அதுவும் பாட்டோடு பதிந்துவிடும்!

1938-ல் வந்த "நந்தகுமார்" படத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியார் பின்னணி பாடும் முறையைக் கொண்டுவந்தார். பாட்டைத் தனியாகப் பதிந்துகொண்டு, படம் எடுக்கும்போது வாயசைக்கச் செய்வது. அன்றிலிருந்து பாட்டுக்கு என்று ஒரு தனி அறை வேண்டியதாயிற்று. வாத்தியக்காரரும் அந்த அறைக்குள் போனார்.

கூடத்தில் 40 பேர், 50 பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாடகர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். நாலு நிமிடப் பாட்டில் கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினால், மறுபடி முதலிலிருந்து!

"வாசிக்கத் தெரிஞ்சாப் போதாது. பிசகாம வாசிக்கணும்" என்பது அந்தக் கூடத்தின் எழுதாத சட்டம். மேடையில் பிசகினால் அடுத்த சங்கதியில் சரிக்கட்டலாம். மைக் முன்னால் அது நடக்காது.

இத்தனைக்கும் கரண்டும் ஒத்துழைக்க வேண்டும். 1976-ல் "அன்னக்கிளி" படத்துக்காக இளையராஜா முதல் பாட்டைப் பதியத் தொடங்கிய நேரத்தில் கரண்டு போய்விட்டது! கூடியிருந்தவர்களுக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பாட்டு தமிழ்நாட்டையே ஒரு கலக்குக் கலக்கியது பிறகு நடந்த கதை.

சீவாளி காய்ந்தால் சுருதி போச்சு

கிராமத்து வாத்தியம் ஸ்டூடியோவுக்குள் போனால் என்னென்ன தொல்லை தெரியுமா?

நாதஸ்வரம் கோவில் வீதிக்கென்றே பிறந்தது. நாலு தெருவுக்குக் கேட்க வேண்டிய சத்தம் அது. அதன் வாய்க்கு நேரே மைக்கை வைத்தால் சத்தம் உடைந்துவிடும். அதோடு, நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை. விரல் வைக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. ஆகவே மைக்கைச் சில அடி தள்ளி, குழலின் நடுப்பாகம் பார்த்து நிறுத்துவார்கள்.

அடுத்த சங்கடம் சீவாளி. ஏ.சி. காற்றில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் சுருதி பிசகும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் நாலைந்து சீவாளியைக் கையோடு கொண்டுபோய், எச்சில் படுத்திப் பதமாகவே வைத்திருப்பார்கள்.

நாதஸ்வரத்துக்குக் கட்டை நிலையானது. பாட்டை வேறு கட்டையில் போட்டிருந்தால் வேறு குழல் வேண்டும். "எத்தனை கட்டை?" என்று முன்கூட்டியே கேட்காமல் பஸ் ஏறினால், போய்வந்த செலவுதான் மிச்சம்.

தவில் கதை வேறு. வலந்தலையில் கூடு மாட்டிய விரல். தொப்பியில் கழி. இரண்டு பக்கமும் இரண்டு விதமான சத்தம். ஒரே மைக் என்றால் ஒரு பக்கம் அமுங்கிவிடும். நாதஸ்வரத்தோடு ஒரே அறையில் வைத்தால் தவில் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். ஆகவே தவிலுக்குத் தனி அறை, இரண்டு மைக், காதில் ஹெட்போன்.

பழக்கப்பட்ட ஜோடி பிரிந்து உட்காருவதுதான் கஷ்டம். கச்சேரியில் முகம் பார்த்துத்தானே வாசிப்பார்கள்? இங்கே காதில் "டிக் டிக்" என்று ஒரு கிளிக் ஓடும். அதுதான் தாளக்காரர். அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, கோபிக்கவும் முடியாது!

நெருப்பு கேட்கும் பறை

பறைக்கு நெருப்பு வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினால்தான் கணீர் என்று பேசும். ஏ.சி. அறையின் குளிர்ச்சியில் தோல் தொய்ந்துவிடும். உள்ளேயோ நெருப்பு மூட்ட முடியாது. வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு ஓடி வந்து, தொய்வதற்குள் வாசித்து முடிக்க வேண்டும்.

இதை அறிந்த சவுண்டு என்ஜினீயர் மற்ற எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, பறையைக் கடைசியில் கூப்பிடுவார். அறியாதவர், காய்ச்சிய பறையை உட்கார வைத்துவிட்டு மைக்கைத் திருகிக்கொண்டிருப்பார். பழி வாசித்தவர் மேல்!

இன்று வீட்டு அறையிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுப் பதிகிறார்கள். அரியலூரில் ரோட்டோரம் மைக் வைத்தால் முதலில் பதிவது சுண்ணாம்புக்கல் லாரியின் சத்தம். பெரம்பலூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரம் என்றால் ராத்திரி பஸ்ஸின் ஹாரன்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அறைக்குள் எதிரொலியை லேசாகக் குறைக்குமே தவிர, வெளிச் சத்தத்தைத் தடுக்காது. கனமான சுவர், இடுக்கு இல்லாத கதவு, உள்ளே தடித்த திரை, மெத்தை. இவைதான் பலன் தரும்.

பாட்டு முடிந்ததும் இன்னொரு பரீட்சை. பெரிய ஸ்பீக்கரில் பிரமாதமாக இருக்கும் தவில், சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும். அதனால் என்ஜினீயர்கள் ஒரு சின்னப் பெட்டியிலும் போட்டுக் கேட்பார்கள். பஸ்ஸில் கேட்கிற ஜனங்களின் காதுக்காகத்தான் அந்த வேலை.

ஒரு விசையில் 50 வயலின்

காலம் மாறியது. எல்லாரும் சேர்ந்து வாசித்தது போய், டிராக் டிராக்காகப் பதியும் டேப் வந்தது. பிசகிய இடத்தை மட்டும் திருத்தலாம். வாத்தியக்காரருக்கு நிம்மதி.

அதன் பின்னாலேயே வந்தது கம்ப்யூட்டர். 1986-ல் "புன்னகை மன்னன்" படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தார். 1989-ல் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்து ஸ்டூடியோ அமைத்தார். 1992-ல் "ரோஜா" வந்தது. ஒரு விசையை அழுத்தினால் 50 வயலின் கேட்கும் காலம் பிறந்தது.

கூடத்தில் கூட்டம் குறைந்தது. கால்ஷீட் குறைந்தது. கல்யாண மேளமும் கோவில் மேளமும் இல்லாதவர்கள் வேறு தொழில் தேடினார்கள்.

இன்று ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் வாசிக்கச் சொல்லி, அதைத் துண்டு துண்டாக வெட்டி எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஒட்டலாம். வாசித்தவருக்கு ஒரு நாள் கூலி. வாசிப்புக்கோ ஓய்வே கிடையாது!

பேர் போட்டால் என்ன லாபம்?

"பேரு போட்டா சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கிடைக்கலாம் என்கிறது சட்டம்!

திரைப்பட வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். 1988-ல் மறைந்தார். அன்று சங்கம் கேட்டது கூலி, நேரம், மரியாதை. அதற்குப் பிறகு சட்டமும் நகர்ந்தது.

1994-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடுவோர், வாசிப்போருக்கு "கலைஞர் உரிமை" வந்தது. அது 50 ஆண்டுகள் செல்லும். 2012-ல் மறுபடி திருத்தினார்கள். பதிந்ததை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு என்று சேர்த்தார்கள்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு முடிச்சும் இருக்கிறது. படத்தில் போகிற போக்கில் வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி எங்கேயும் பெயர் போடப்படாதவர் என்றால், ராயல்டிக்கு அவர் "கலைஞர்" கணக்கிலேயே வரமாட்டார்!

டைட்டிலில் ஒரு வரி பெயர் வெறும் பெருமைக்கு இல்லை என்பது இதிலிருந்து புரியும். நாளைக்கு உரிமை கேட்கும்போது அதுவே சாட்சி. ரகுமான் தன் ஆல்பங்களின் அட்டையில் வாத்தியக்காரர் பெயர்களையும் அச்சிட்டபோது பலரும் மெச்சியதற்கும் காரணம் உண்டு. ஒளிந்திருந்த வாத்தியக்காரர், மரத்துக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தார்.

ஒரு துண்டுக் காகிதம் போதும்

சென்னையோ, திருச்சியோ, பக்கத்துத் தெரு ஸ்டூடியோவோ, வாசிக்கப் போகிறவர் ஒரு காகிதம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. என்ன பாட்டு, என்ன வாத்தியம், எந்தத் தேதி, என்ன தொகை, பெயர் எங்கே வரும், வேறு பாட்டில் வெட்டி ஒட்டலாமா கூடாதா. ஆறு வரி. இரண்டு கையெழுத்து. முடிந்தது.

யூடியூபில் போடுகிற கோவில் பாட்டானாலும் சரி, தேர்தல் பாட்டானாலும் சரி, பாட்டுக்குக் கீழே வாசித்தவர் பெயரைப் போடக் காசு ஆகாது. போடச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

கனம் கிருஷ்ணையர் பெயரை எழுதி வைக்க ஒரு உ.வே.சா. இருந்தார். எல்லா வாத்தியக்காரருக்கும் அப்படி ஒருத்தர் வாய்ப்பாரா? அவரவர் பேரை அவரவரே எழுதி வாங்க வேண்டிய காலம் இது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பாட்டு ஓடுகிறது. நடுவில் நாதஸ்வரம் பிளிறுகிறது. டீயை உறிஞ்சியபடி ஒருத்தர், "யாருப்பா இது, இப்படி வாசிக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பேர் இருக்க வேண்டாமா?