நால்டேராவில் கோல்ப்: புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

டில்லியில் 'லூ' என்னும் அனல் காற்று வீசத் தொடங்கியதும் தலைநகர்த் தமிழர்களின் பேச்சு மலைப்பக்கம் திரும்புவது வழக்கம். அவர்களில் கோல்ப் மட்டை பிடிக்கப் பழகியவர்களுக்குச் சிம்லாவிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நால்டேரா ஏற்ற இடம்.

வைஸ்ராயாக இருந்த கர்ஸான் பிரபு இந்த இடத்தின் அழகில் மனம் பறிகொடுத்தார். 1904-ல் பிறந்த தம் மகளின் பெயரோடு இந்த ஊரின் பெயரையும் சேர்த்து வைத்தார். இங்கே கோல்ப் ஆட வழி வகுத்தவரும் அவரே என்பார்கள். வானளாவிய தேவதாரு மரங்கள், நடுவே பச்சைப் புல்வெளி, அதற்குள்ளேயே மாகூநாக் தெய்வத்தின் பழைய கோவில். இப்படி ஒரு ஆடுகளம் சமவெளியில் கிடைக்காது.

எந்த மாதம்?

பயணத் திட்டத்தில் முதல் கேள்வி இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையிலும் உகந்த காலம். அதன் பிறகு குளிர் கடுமையாகி, பனியும் விழும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை அறவே தவிர்க்க வேண்டும். ஓட்டல்களில் வாடகை குறைகிறதே என்று மழைக்காலத்தில் கிளம்புவது ஆபத்து. 2023 ஆகஸ்டில் பெய்த பேய் மழையில் சிம்லாவின் சம்மர்ஹில் பகுதியில் சிவன் கோவில் மீது மண் சரிந்து பல உயிர்கள் பலியாயின. அதே சரிவில் ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மிச்சப்படும் வாடகைக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

கோடையிலும் ஒரு சங்கடம் உண்டு. 2018 மே, ஜூன் மாதங்களில் சிம்லாவில் குடிநீருக்கே பெரும் திண்டாட்டம் ஏற்பட்டது. தங்கும் இடத்தில் தண்ணீர் வசதி எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்வது உசிதம்.

பிரயாணம்

டில்லியிலிருந்து கால்கா வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சிறிய மலை ரயிலில் ஏறலாம். 1903-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதை 96 கிலோமீட்டர் நீளம். 102 சுரங்கங்களைக் கடக்கிறது. 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரக்காரர்கள் பஸ்ஸிலோ காரிலோ போகலாம்.

ஆட்டத்தில் மாற்றம்

நால்டேரா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்று அடர்த்தி குறைவு. ஆகவே பந்து கூடுதலாகப் பறக்கும். டில்லியில் 150 கஜம் போகும் அடி இங்கே 160 கஜம் வரை போகக் கூடும். ஏழாம் எண் மட்டையை எடுக்கும் இடத்தில் எட்டாம் எண்ணே போதும்.

பந்துக்குச் சாதகமான அதே காற்று ஆடுபவரை மூச்சிரைக்க வைக்கும். சென்ற அன்றே மட்டையைத் தூக்காமல் ஒரு நாள் ஓய்வெடுப்பது நலம். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கலந்து கொண்டே கிளம்ப வேண்டும். மேடு பள்ளம் அறிந்த உள்ளூர் 'கேடி' ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொண்டால் பந்தும் தொலையாது, அவருக்கும் பிழைப்பாகும். கட்டண விவரத்தையும், அன்று போட்டி ஏதும் நடக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரித்து விடலாம்.

குடும்பத்தினருக்கு?

தலைவர் பந்தின் பின்னே போய்விட, மனைவி மக்கள் ஓட்டல் அறையில் அடைந்து கிடப்பது நியாயமல்ல. வழியிலுள்ள மஷோப்ராவில் ராஷ்டிரபதி நிவாஸ் 2023 ஏப்ரல் முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. நால்டேராவிலேயே குதிரைச் சவாரி உண்டு. ஆட்டத்தைக் காலையிலேயே முடித்துக் கொண்டால் பிற்பகல் முழுவதும் வீட்டாருக்கு மிஞ்சும்.

திரும்பும் நாளுக்கும் ஆபீஸ் போகும் நாளுக்கும் இடையே ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக் கொள்வது அவசியம். மலைப்பாதை யாருடைய லீவு மனுவையும் பார்ப்பதில்லை.