அறை வாடகையில் ஒளிந்திருக்கும் பில்

தனியார் மருத்துவமனை அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "ஷேரிங் ரூமா, சிங்கிள் ரூமா?" ஐந்து லட்சத்துக்கு பாலிசி இருக்கிற தைரியத்தில் சட்டென்று "சிங்கிள்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையின் விலை டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரியவருகிறது.

கணக்கைப் பாருங்கள். பல பாலிசிகளில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதம். ஐந்து லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறையோ 8,000. நான்கு நாளுக்குக் கூடுதலாக 12,000 கட்டினால் போதும் என்று நினைத்தால், அது தவறு. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,60,000 என்றால், அதிலும் 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். மீதி 60,000 உங்கள் தலையில். ஆக மொத்தம் 72,000. மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகளில் இப்படிக் கை வைக்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது மட்டுமே ஆறுதல்.

அறை உயர உயர மருத்துவமனைகள் மற்ற கட்டணங்களையும் உயர்த்துவதே இந்த வெட்டுக்குக் காரணம். அதே டாக்டர், அதே தியேட்டர், அதே ஆபரேஷன். படுக்கிற கட்டிலைப் பொறுத்து ஃபீஸ் ஏன் மாற வேண்டும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகைக்குத்தானே சிகிச்சை அளிக்கின்றன? சொந்தக் காசில் பிரீமியம் கட்டுகிறவருக்கு மட்டும் ஏன் அந்தப் பாதுகாப்பு இல்லை?

போட்டி இருந்தால்தான் தரமும் நவீனக் கருவிகளும் வரும் என்கிறார்கள் தடையற்ற சந்தையின் ஆதரவாளர்கள். கண்புரை ஆபரேஷனுக்கு நாலு இடத்தில் விசாரிக்கலாம், சரி. நெஞ்சுவலியோடு ஆட்டோவில் வருகிறவர் எங்கே போய் விலை விசாரிப்பார்? லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. இதய சிகிச்சை நின்றுவிடவில்லை. அறைக்கு அறை மாறும் கட்டணத்துக்கும் அப்படியொரு கடிவாளம் போட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். இன்றைக்கே பாலிசியை எடுத்து 'ரூம் ரென்ட்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. இல்லை. புதுப்பிக்கும்போது அந்த மிச்சத்தைப் போட்டு, அறை வாடகை வரம்பில்லாத பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். க்ளெய்மில் அநியாயமாகக் கை வைத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.