விக்கிமூல உரைமாற்றங்களைச் செய்தியோடை வழியாகத் தொடர்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் விக்கிமூலத்தில் உள்ள நூல்கள் தொடர்ந்து திருத்தப்படும் தன்மையன. அவற்றைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், தாம் பயன்படுத்திய உரை பின்னர் எவ்வாறு மாறியது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இதற்குச் செய்தியோடை எளிய கருவியாகும். எனினும் விக்கிமூலத்தின் பக்க அமைப்பை உணராமல் ஓடையைத் தெரிவுசெய்தால், உரையின் மாற்றங்கள் கண்ணில் படாமலே போகும். எந்த ஓடையைத் தொடர்வது, அதன் எல்லை யாது, நிலையான மேற்கோளை எங்கிருந்து பெறுவது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விக்கிமூலம், செய்தியோடை, திரட்டி, மெய்ப்பு, பாடவேறுபாடு, மின்னுரை

முன்னுரை

அச்சு நூலுக்குப் பதிப்பு உண்டு; பதிப்புக்கு ஆண்டு உண்டு. ஒரு பதிப்பை மேற்கோளாகக் காட்டினால், அப்பக்கத்தை எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். பலர் கூடித் தொகுக்கும் விக்கித்தளத்தில் இந்நிலை இல்லை. இன்று காணும் உரை நாளை திருத்தம் பெறலாம். 1995இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய முதல் விக்கித்தளத்திலிருந்தே, எவரும் திருத்தலாம் என்பது இவ்வகைத் தளங்களின் அடிப்படைக் கொள்கையாக இருந்துவருகிறது.

தமிழ் விக்கிமூலத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல தன்னார்வலர்களால் மெய்ப்புப் பார்க்கப்பட்டு வருகின்றன. சொல்லடைவு, சொல்நிகழ்வெண் கணக்கீடு, நடையியல் ஒப்பீடு ஆகிய பணிகளுக்கு இவை பயன்மிக்க தரவாகும். ஆனால் தரவு மாறினால் முடிவும் மாறக்கூடும். ஆகவே மாற்றத்தை அறிவது ஆய்வு நேர்மையைச் சார்ந்த தேவையாகிறது.

மெய்ப்பும் உரைமாற்றமும்

விக்கிமூலத்தில் அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் வருடப்பட்ட படிமமாக இருக்க, அதனருகே எழுத்துணரி மென்பொருள் தந்த உரை இடம்பெறும். அவ்வுரை முதலில் மெய்ப்புப் பார்க்கப்படாததாகக் குறிக்கப்படும். ஒருவர் படிமத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியபின் மெய்ப்புப் பார்க்கப்பட்டதாகவும், வேறொருவர் மீண்டும் பார்த்தபின் சரிபார்க்கப்பட்டதாகவும் நிலை உயரும். முறையே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் இந்நிலைகளைக் காட்டும்.

தமிழ் அச்சில் துணைக்காலும் ரகரமும் வடிவால் நெருங்கியவை. 'வா' என்பதை எழுத்துணரி 'வர' எனக் கொள்ளுதல் இயல்பு. இரண்டும் தமிழில் பொருளுடைய வடிவங்களாதலால் சொற்பிழை திருத்தி இதனைக் கண்டறியாது. 'ஔ' என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக 'ஒ', 'ள' என இரண்டெழுத்துகள் அமைவதும் உண்டு. அவ்வாறு அமைந்த கோப்பில் 'ஔவை' எனத் தேடினால், கண்ணுக்குத் தெரியும் பெயரும் தேடலில் அகப்படாது. இத்தகைய பிழைகள் களையப்படும் ஒவ்வொரு முறையும் சொல்நிகழ்வெண் மாறுகிறது. பச்சை நிலையை எட்டிய பக்கமும் மேலும் திருத்தப்படலாம்.

செய்தியோடையின் இயல்பு

செய்தியோடை என்பது ஓர் இணையப் பக்கத்தின் புதிய உருப்படிகளை, கணினி படிக்கத்தக்க ஒழுங்கில் தரும் கோப்பாகும். ஆர்.எஸ்.எஸ். வடிவம் 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. 'ஆட்டம்' என்னும் மற்றொரு வடிவம் 2005இல் இணையச் செந்தரமாக ஏற்கப்பட்டது. இவற்றைக் குறித்த இடைவெளிகளில் சென்று பார்த்து, புதியனவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் மென்பொருளே திரட்டி. 2005இல் தொடங்கிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டபோதும் இம்முறை அழியவில்லை. தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்களும் ஃபீட்லி போன்ற இணையச் சேவைகளும் இப்பணியைச் செய்கின்றன.

விக்கிமூலம் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள், ஓடைகளைத் தானே உருவாக்கித் தருகிறது. ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, கருவிகள் பகுதியில் உள்ள 'ஆட்டம்' தொடுப்பின் முகவரியைப் படியெடுத்துத் திரட்டியில் சேர்த்தால் போதும். திருத்தியவர் பெயர், நேரம், தொகுப்புச் சுருக்கம் ஆகியவற்றுடன், பழைய வரிக்கும் புதிய வரிக்கும் உள்ள வேறுபாடும் உருப்படியிலேயே கிடைக்கும். இதற்குப் பயனர் கணக்குத் தேவையில்லை.

தவறான ஓடையும் சரியான ஓடையும்

விக்கிபீடியாக் கட்டுரையைத் தொடர்வோர்க்கு வரலாற்று ஓடை பெரும்பாலும் போதுமானது. விக்கிமூலத்தில் அது போதாது. இங்கு வாசகர் படிக்கும் இயல் பக்கத்தில் உரை நேரடியாக எழுதப்பட்டிருப்பதில்லை. அச்சுப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 'பக்கம்' என்னும் பெயர்வெளியில் தனிப்பக்கம் உண்டு. இயல் பக்கம் அவற்றிலிருந்து உரையை வரவழைத்துக் காட்டுகிறது. எனவே ஒரு சொல் திருத்தப்பட்டால், அத்திருத்தம் தனிப்பக்கத்தின் வரலாற்றிலேயே பதிவாகும். இயல் பக்கத்தின் வரலாற்றில் அதன் சுவடே இராது. இயலின் வரலாற்று ஓடையைத் தொடரும் ஆய்வாளர், மாதக்கணக்கில் மாற்றமே இல்லை எனக் கருதிக்கொண்டிருக்க, உரையோ பலமுறை திருத்தம் பெற்றிருக்கக்கூடும்.

இதற்கு உரிய வழி, 'தொடர்பான மாற்றங்கள்' என்னும் சிறப்புப் பக்கத்தின் ஓடையைத் தொடர்வதாகும். ஒரு பக்கம் இணைத்துள்ள அல்லது வரவழைத்துள்ள பிற பக்கங்களில் நிகழ்ந்த மாற்றங்களை அது திரட்டித் தரும். ஓர் இயல் மட்டும் தேவையாயின் அவ்வியல் பக்கத்திலிருந்தும், நூல் முழுதும் தேவையாயின் அந்நூலின் அட்டவணைப் பக்கத்திலிருந்தும் இதனைத் திறக்கலாம். அட்டவணைப் பக்கம் நூலின் எல்லாத் தனிப்பக்கங்களுக்கும் தொடுப்புக் கொண்டிருப்பதால், ஒரே ஓடையில் முழு நூலும் அடங்கும்.

கவனிப்புப் பட்டியலுக்கும் ஓடை உண்டு. அதற்குப் பயனர் கணக்கும், முகவரியில் அமைந்த மறைகுறியும் தேவை. அம்முகவரியைப் பிறருக்குக் கொடுத்தால், அவர் அப்பட்டியலைக் காண இயலும். ஆதலால் ஆய்வுக் குழுவினர் தமக்குள் பகிர்ந்துகொள்ளத் தொடர்பான மாற்றங்களின் ஓடையே ஏற்றது.

ஓடையின் எல்லைகள்

ஓடை அறிவிப்பேயன்றி ஆவணமன்று. மீடியாவிக்கியின் இயல்பான அமைப்பில் வரலாற்று ஓடை அண்மைய 10 திருத்தங்களையே தரும். மாற்றங்களின் ஓடை 50 உருப்படிகளுக்குள் அடங்கும். 300 பக்க நூல் ஒன்றில் மெய்ப்புப்பணி விரைந்து நடைபெறும் நாளில், திரட்டி அடுத்த முறை வந்து பார்ப்பதற்குள் 50ஐக் கடந்த திருத்தங்கள் நிகழ்ந்தால், முந்தியவை ஓடையிலிருந்து நழுவிவிடும். திரட்டியின் இடைவெளியைக் குறைத்தோ, நூலுக்கு மாற்றாக இயல்வாரியாகத் தொடர்ந்தோ இதனை ஓரளவு தவிர்க்கலாம்.

மற்றோர் எல்லை தானியங்கித் திருத்தங்களைப் பற்றியது. அண்மைய மாற்றங்களின் இயல்பான காட்சியில் தானியங்கிக் கணக்குகளின் தொகுப்புகள் மறைக்கப்பட்டிருக்கும். ஒரே வகைப் பிழையை நூற்றுக்கணக்கான பக்கங்களில் மாற்றும் பணி தானியங்கியால் செய்யப்படுமாயின், சொல்நிகழ்வெண்ணை மிகுதியாகப் பாதிக்கும் அம்மாற்றமே ஓடையில் தோன்றாது போகும். சிறப்புப் பக்கத்தின் வடிகட்டியில் தானியங்கிகளையும் காட்டுமாறு தெரிவுசெய்து, இடையிடையே நேரில் பார்ப்பது நன்று. அண்மைய மாற்றங்களின் பதிவு 30 நாள்களுக்கு உரியது. அதற்கு முந்தியவற்றைத் தனிப்பக்க வரலாற்றில்தான் தேடவேண்டும். அங்கு முதல் திருத்தம் தொட்டு எல்லாம் வரிசையாக உள்ளன.

மேற்கோளும் நிலையான தொடுப்பும்

மாறும் உரையை மேற்கோள் காட்ட 'நிலையான தொடுப்பு' பரிந்துரைக்கப்படுவது வழக்கம். விக்கிமூலத்தில் இதிலும் கவனம் தேவை. இயல் பக்கத்தின் நிலையான தொடுப்பு, அப்பக்கத்தின் பழைய வடிவத்தையே திறக்கும். ஆயினும் அது வரவழைக்கும் தனிப்பக்கங்களின் உரை, திறக்கும் நாளில் உள்ளவாறே தோன்றும். எனவே உரை நிலைபெற்றது என்னும் எண்ணம் தவறாக முடியும். மேற்கோள் அமைந்துள்ள தனிப்பக்கத்தின் நிலையான தொடுப்பைக் குறிப்பதே பொருத்தமானது. அதனுடன் அச்சுப்பக்க எண்ணையும் மெய்ப்புநிலையையும் தந்தால், படிப்போர் படிமத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். நூல் முழுவதையும் தரவாகக் கொள்வோர், பதிவிறக்கிய நாளைக் குறித்து, அக்கோப்பையும் தம்மிடம் பேணுதல் வேண்டும்.

முடிவுரை

சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த பதிப்பாசிரியர்கள், எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்பதைத் தெளிவாகச் சுட்டினர். விக்கிமூலத்தில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பாடவேறுபாடு; அதன் பதிவு எவரும் காணத் திறந்தே உள்ளது. செய்தியோடை அப்பதிவின் வாயிலுக்கு ஆய்வாளரை உரிய நேரத்தில் அழைத்துச் செல்கிறது. இயல் பக்கத்தை விடுத்துத் தொடர்பான மாற்றங்களைத் தொடர்தல், ஓடையின் எல்லையறிந்து வரலாற்றைச் சரிபார்த்தல், தனிப்பக்கத்தின் நிலையான தொடுப்பை மேற்கோளாக்கல் ஆகிய மூன்றும் கைக்கொள்ளப்படின், மாறும் உரையின்மீதும் உறுதியான ஆய்வை நிகழ்த்த இயலும். படிமத்தோடு மாறுபடும் சொல்லைக் காணும் ஆய்வாளர் அதனைத் தாமே திருத்துவாராயின், அத்திருத்தமும் ஓடை வழியாகப் பிறரைச் சென்றடையும்.