மருத்துவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையும் பாலின வேறுபாடும்: நீலகிரித் தேயிலைத் தோட்டச் சூழலை முன்வைத்து

முன்னுரை

பெண் மருத்துவர்களைவிட ஆண் மருத்துவர்களே தொழில்சார் ஒழுங்கு நடவடிக்கைக்கு மிகுதியாக உள்ளாகின்றனர் என்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வேறுபாடு மருத்துவரின் நடத்தையை மட்டும் சுட்டுகிறதா, புகார் அளிப்போரின் நிலையையும் சுட்டுகிறதா என்னும் வினாவை நீலகிரித் தேயிலைத் தோட்டச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுகள் காட்டும் வேறுபாடு

அன்வின் முதலானோர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டு ‘பி.எம்.சி. மெடிசின்’ இதழில் கட்டுரை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற 40,54,551 மருத்துவர்களுள் 40,246 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர், சட்ட அல்லது ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொண்டவர்கள். ஆண்கள் அதற்கு உள்ளாகும் வாய்ப்பு விகிதம் பெண்களைப்போல் 2.45 மடங்காக இருந்தது. நாடும் காலமும் நடவடிக்கையின் கடுமையும் மாறியபோதும் இவ்வேறுபாடு மறையவில்லை.

எனினும், இதிலிருந்து நேரடி முடிவுக்கு வருதல் பொருந்தாது. பணிநேரம், மருத்துவத்துறை, அனுபவ ஆண்டுகள், சந்திக்கும் நோயாளர் எண்ணிக்கை ஆகியவை இருபாலர்க்கும் ஒன்றாக இருப்பதில்லை. மேலும், புகார் எழாத இடத்தில் நடவடிக்கையும் பெரும்பாலும் எழுவதில்லை.

புகாரின் வழி

தமிழ்நாட்டில் மருத்துவர் மீதான முறைகேட்டுப் புகாரை விசாரிப்பது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். இதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டின் தொழில் நடத்தை நெறிமுறைகள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2 அன்று அறிவித்த புதிய நெறிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. நோயாளியிடம் தகாத முறையில் நடப்பது 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி தண்டனைக்குரியது. மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து குறித்த காலத்திற்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். புகார் மீது 6 மாதத்திற்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

நீலகிரிச் சூழல்

கவுன்சில் சென்னையில் உள்ளது. உதகையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு விசாரணைப் பயணம் என்பது பல நாள் கூலி இழப்பாகும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குடியிருப்பையும் நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. தொழிலாளர்க்கு நன்மை செய்த இவ்வேற்பாட்டிற்கு மற்றொரு முகமும் உண்டு. வேலை, வீடு, மருத்துவம் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, தோட்ட மருத்துவர் மீதான புகார் நிருவாகத்தின் மீதான புகாராகவே கொள்ளப்படக்கூடும். ஆகவே, புகாரின்மையை முறைகேடின்மை எனக் கொள்ள இயலாது.

அண்மையிலுள்ள வழி

பாலியல் துன்புறுத்தலைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அண்மையிலேயே ஒரு வழியைத் தருகிறது. மருத்துவமனையையும் அது பணியிடமாகவே கொள்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்குப் பணிபுரிபவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. எனவே நோயாளியும் அதன் பாதுகாப்பில் அடங்குவார். பத்துக்கும் குறைவான பணியாளர் கொண்ட இடத்திலிருந்தும், வேலையளிப்பவர் மீதும் எழும் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு ஏற்கும். புகாரைப் பொதுவாக 3 மாதத்திற்குள் அளித்தல் வேண்டும். சிறிய தோட்ட மருந்தகத்திற்கு இவ்வழி மிகவும் பொருந்தும்.

முடிவுரை

ஒழுங்கு நடவடிக்கையில் காணப்படும் பாலின வேறுபாடு உண்மையானது. ஆயின், அது எழுந்த புகார்களின் கணக்கேயன்றி நிகழ்ந்த முறைகேடுகளின் முழுக்கணக்கு அன்று. புகார், விசாரணை, தண்டனை ஆகிய மூன்று நிலைகளிலும் மருத்துவர், புகார்தாரர் இருவரின் பாலினத்தையும் மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிடின், எந்நிலையில் எவர் விடுபடுகின்றனர் என்பது தெளிவாகும். 2022 சனவரியில் திறக்கப்பட்ட நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் பயில்வோர்க்கு நோயாளியின் புகார் உரிமையையும் நோயறிதலோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். தோட்ட மருந்தகச் சுவரில் புகார் அளிக்கும் முகவரியைத் தமிழில் எழுதிவைத்தல் அதற்கான எளிய தொடக்கமாக அமையும்.