டர்போ கார்: வாங்கும் விலை மலிவு, வைத்திருக்கும் செலவு கனம்

கோப்பெங் – ஒரு புதிய மைவி காரின் விலைக்கு ஏறக்குறைய 20 ஆண்டு பழைய சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ் கிடைக்கிறது என்றால் எந்த இளைஞனுக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அதிலும் கோப்பெங், கம்பார், சிம்பாங் பூலாய் வட்டாரத்து இளைஞர்களுக்குக் கேமரன் மலைக்கு ஏறும் சாலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேகக் கார் ஆசைக்கு இதைவிட வேறு தூண்டில் வேண்டாம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து வேலையில் அமர்ந்த பிள்ளை முதன்முதலாக ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று, கடன் பத்திரத்தில் பிணையாளராகக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அப்பாதான். ஆகவே இது பிள்ளையின் ஆசை மட்டுமல்ல, குடும்பத்தின் பணமும்கூட.

இந்த ஆசைக்கு உள்ளூரிலேயே வேர் உண்டு. 2002ஆம் ஆண்டு உற்பத்தி கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை மலேசியாவின் கரம்ஜிட் சிங் வென்றார். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பெயர்தான் புரோட்டோன், அடியில் இருந்தது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். தோட்டப்புறச் சாலைகளில் ஓடிய புரோட்டோன் வீராவும் 1990களின் லான்சரிலிருந்து பிறந்ததுதான். அதனால்தான் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் லான்சர் காரின் 1.8 லிட்டர் டர்போ என்ஜின் (4ஜி93டி) வீராவுக்குள் பெரிய சிரமம் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. ‘ஹாஃப்கட்’ என்ற சொல் இங்கே பட்டறைகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டது.

டர்போ என்பது என்ன? என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு விசிறியைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரியும் பெட்ரோலும் கூடும், விசையும் கூடும். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. டர்போ காரின் கோளாறுகளில் பல இந்த எண்ணெயைச் சுற்றியே வருகின்றன.

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வரை விடாமல் மிதித்து ஏறிவிட்டு, தேநீர்க் கடை முன் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால், எண்ணெய் ஓட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். ஆனால் டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய், குழம்புச் சட்டியில் அடிப்பிடிப்பதுபோல் கருகிப் படியும். இப்படிப் பல தடவை நடந்தால் எண்ணெய் வரும் சிறு வழி அடைபடும். அச்சு ஆடத் தொடங்கும். முடுக்கும்போது பின்னால் நீலப்புகை தெரியும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, நிறுத்திய பின் ஓரிரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணைப்பது செலவில்லாத வைத்தியம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முழுச் செயற்கை எண்ணெய் மாற்றுவது செலவுள்ள வைத்தியம். இரண்டும் வேண்டும்.

டபிள்யூஆர்எக்ஸ் காரின் 2 லிட்டர் இஜே20 என்ஜின் மற்ற என்ஜின்களைப் போல் நிமிர்ந்து நிற்பதில்லை. இருபுறமும் படுத்த நிலையில் பிஸ்டன்கள் இயங்குகின்றன. அதன் தனி ஓசைக்கு மயங்குபவர்கள் பலர். ஆனால் எண்ணெய் அளவு குறைந்தால் முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராடின் பேரிங். ‘கட கட’ என்ற தட்டல் சத்தம் வந்துவிட்டால் பெரும்பாலும் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓட்டிய கார்களில் பிஸ்டன் வளையம் உட்காரும் பகுதி உடைவதும் உண்டு. நான்காவது சிலிண்டரே இதில் அதிகம் பேசப்படுவது. டைமிங் பெல்ட் இன்னொரு கண்டம். 1 லட்சம் கிலோமீட்டர் வாக்கில் அதை மாற்றாமல் விட்டு, ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட் செலவு என்ஜின் செலவாகிவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்பதால் டயரிலும் சிக்கனம் செய்ய முடியாது. ஒரு டயர் தேய்ந்துவிட்டது என்று ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், நான்கும் ஒரே அளவில் சுழலாமல் நடு டிஃபரன்ஷியல் சூடேறிக் கெடும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

லான்சர் எவலூஷனின் 4ஜி63 என்ஜின் உறுதியானது என்று பெயர் பெற்றது, நியாயமாகவே. ஆனால் அதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சிறு பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் என்ஜின் கதை முடிந்தது. பெரிய பெல்ட்டை மாற்றும்போது இந்தச் சின்னதை மறந்துவிடும் பட்டறைகள் இருக்கின்றன.

புரோட்டோன் எக்ஸோரா போல்ட், பிரிவே, சுப்ரிமா எஸ் ஆகியவற்றின் 1.6 டர்போ சிஎஃப்இ என்ஜினில் பலரும் அறிந்த பலவீனம் ஆயில் கூலர் குழாய். சூட்டில் இறுகிக் கசியத் தொடங்கும் அதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே பாழாகும். இந்தக் கார்களைத் திரும்ப அழைத்து அக்குழாயை இலவசமாக மாற்றித் தர புரோட்டோன் முன்வந்தது. பழைய பிரிவே வாங்குகிறவர் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சேசி எண்ணைக் கொடுத்துச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இனி கணக்குப் பக்கம். சாலை வரி பயமுறுத்தாது. தீபகற்ப மலேசியாவில் அது என்ஜின் கொள்ளளவைப் பார்க்கிறது, டர்போவைப் பார்ப்பதில்லை. 1,994 சிசி டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு ஆண்டுக்கு 377 வெள்ளி, 1.6 லிட்டர் பிரிவேக்கு 90 வெள்ளிதான். இந்த மலிவே பலரை ஏமாற்றுகிறது.

பெட்ரோலில் உண்மை தெரியும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த டர்போ என்ஜின்கள் அங்குள்ள 100 ஆக்டேன் பெட்ரோலை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அவற்றில் ரோன்95 ஊற்றி மலையேறினால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’ பிஸ்டனைத் தின்னும். ஆக, உதவித்தொகை உள்ள ரோன்95 இந்தக் காருக்கு உதவாது, ரோன்97தான் குறைந்தபட்சம். கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,040 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் காருக்கு 125 லிட்டர் வேண்டும். ரோன்97 லிட்டருக்கு 3 வெள்ளி 20 காசு என்று வைத்துக்கொண்டால் 400 வெள்ளி. அதே தூரத்தைச் சிறிய கார் 60 லிட்டர் ரோன்95இல் முடிக்கும். லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என்றால் 120 வெள்ளிக்குள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி உள்ள நாட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மாதத் தவணை, எண்ணெய், டயர், ‘ஒரு நாள் வரும்’ கிளட்ச் எல்லாம் இதற்கு மேல்தான்.

காப்புறுதியிலும் சிக்கல் உண்டு. வயதான வேகக் காருக்கு முழுக் காப்புறுதி தர நிறுவனங்கள் தயங்கும், அல்லது கூடுதல் கட்டணம் கேட்கும். மாற்றியமைத்ததைச் சொல்லாமல் எடுத்த காப்புறுதி, விபத்து நேர்ந்தால் கை கொடுக்காமல் போகலாம்.

ஹாஃப்கட் என்ஜின் போட்ட வீரா என்றால் முதல் கேள்வி கிராண்ட்டில் இருக்கிறது. என்ஜின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் புஸ்பகோம் சோதனையும் வேண்டும். 1,834 சிசி என்று பதிவானால் 90 வெள்ளியாக இருந்த சாலை வரி 297 வெள்ளியாகும். இதைத் தவிர்க்கப் பழைய 1.5 என்ஜின் எண்ணுடனேயே ஓடும் கார்கள் விற்பனைக்கு வருகின்றன. பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் சோதனையில் என்ஜின் எண் பார்க்கப்படும். அங்கே பொருந்தாவிட்டால் முன்பணம் கொடுத்தவர்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

பிணையாளரான அப்பாவுக்கு வருவோம். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி முன்னறிவிப்பு கொடுத்துக் காரை இழுத்துச் செல்ல முடியும். என்ஜின் கெட்டுப் பட்டறையில் கிடக்கும் டர்போ கார் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகாது. விற்ற பணம் போக மிஞ்சும் கடனுக்குக் கடிதம் இரு வீட்டு முகவரிக்கும் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்பவர், காரைக் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கப் போவது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்கலாம். முதல் முடுக்கில் நீலப்புகை வருகிறதா, எண்ணெய் மூடியின் உள்ளே பால் நிறத்தில் நுரை இருக்கிறதா, அழுத்தம் ஏறும்போது ‘உஸ்’ என்று காற்று கசியும் சத்தம் கேட்கிறதா, நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது உண்டா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் அழுத்தத்தை அளந்து காட்டச் சொன்னால் நேர்மையான விற்பனையாளர் மறுப்பதில்லை. சோதிக்கும் மெக்கானிக் வாங்குபவரின் ஆளாக இருக்கட்டும், விற்பவரின் நண்பராக அல்ல.